கன்று போட்ட அந்த மூன்று வாரம்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் வியாழக்கிழமை விடிகாலை ஒரு சுற்று வாருங்கள். விலைக்கு நிற்கும் கறவைகள் எல்லாம் கிழடு தட்டியவை அல்ல. இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து மாடுகளும் நிற்கும். பல் சுத்தம், மடி திரட்சி, நடையில் குறை கிடையாது. பிறகு ஏன் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டால், “சினை நிக்கலைங்க” என்பார்கள். சினை நிற்காத மாடு பால் வற்றியதும் வெறும் தீனிச் செலவாகிவிடுகிறது. ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துத் தவிடும் புண்ணாக்கும் கடன். ஐந்தாறு பருவம் தவறினால் இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பம் தாங்காது. கயிற்றை வியாபாரி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்த பெண்களை அந்தச் சந்தையில் பார்த்திருக்கிறேன். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். நாமக்கல் கல்லூரியில் படித்தவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்தியூர், பவானி, கோபி பக்கத்துக் கிராமங்களில் கழிந்தது. சினை நிற்கவில்லை என்று மாட்டை ஓட்டி வருகிறவர்கள் பழியை எப்போதும் சினை ஊசியின் மேல்தான் போடுவார்கள். போட்டவர் கை சரியில்லை, குச்சி பழசு, காளை சரியில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒன்று கேட்பேன்: “போன தடவ கன்னு போட்டப்போ கொடி எப்ப விழுந்துச்சு?”

கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். “மறுநாள் பொழுது சாயறவரைக்கும் விழுகலைங்க. கையை உட்டுத்தான் எடுத்தாங்க.”

பல மாடுகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஊசி போட்ட நாளில் அல்ல, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால், கன்று போட்ட அன்றைக்கும் அதையொட்டிய மூன்று வாரத்திலும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று வெளியே வந்த நேரத்தில் கருப்பை மட்டும் 9, 10 கிலோ எடை இருக்கும். ஒரே மாதத்தில் அது சுமார் ஒரு கிலோவுக்குச் சுருங்கி, பழையபடி இடுப்பெலும்புக்குள் வந்து அடங்க வேண்டும். உள்சுவர் முழுதாக ஆறிப் புதுச்சவ்வு மூட இன்னும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். இவ்வளவு பெரிய பழுது பார்க்கும் வேலை உள்ளே நடக்கிறபோது, அதே உடம்பிலிருந்து காலை மாலை பாலும் கறந்துகொண்டிருக்கிறோம். கன்று வந்த வழி திறந்தே கிடப்பதால் கட்டுத்தரைக் கிருமிகளும் உள்ளே போகும். முதல் இரண்டு வாரத்தில் சோதித்துப் பார்த்தால் பத்து மாட்டில் எட்டு ஒன்பதுக்குக் கருப்பையில் கிருமி இருக்கும். எல்லாம் நோயாகிவிடாது. தெம்பாக இருக்கிற மாடு அழுக்கோடு சேர்த்துக் கிருமியையும் வெளியே தள்ளிவிடும். சிவப்பும் காப்பிநிறமுமாக, கெட்ட வாடை இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் சில நாள் வரைக்கும் வருகிற அழுக்கு இயற்கையானது. தண்ணீராக, நாற்றமெடுத்து வந்தால் அது நோய்.

அத்தாணிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் ஐப்பசி ராத்திரி கூப்பிட்டார்கள். இரண்டாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு. முந்தின நாள் சாயங்காலம் கன்று போட்டது, கொடி விழவில்லை. போய்ப் பார்த்தால் வாலுக்குக் கீழே முழ நீளத்துக்குக் கொடி தொங்குகிறது. அதன் நுனியில் சணல் கயிறு போட்டு ஒரு பழைய ரப்பர் செருப்பும் உடைந்த செங்கல்லும் கட்டியிருந்தார்கள். கனத்துக்குக் கொடி இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நின்றார். கன்றைத் தூரமாகத் தூணில் கட்டியிருந்தார்கள். கத்திக் கத்தி அதற்குத் தொண்டை கட்டியிருந்தது.

முதலில் செங்கல்லை அறுத்து எடுத்தேன். அந்தக் கனத்துக்குக் கொடி பாதியில் கிழிந்து மிச்சம் உள்ளேயே தங்கும். முக்கிக்கொண்டே இருக்கிற மாடாக இருந்தால் கருப்பையே வெளியே தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. பிறகு கன்றை அவிழ்த்து மடியில் விடச் சொன்னேன்.

“கொடி விழுகாம சீம்பால் குடுக்கப் படாதுங்களே அம்மிணி” என்றார் வீட்டுப் பெரியவர். எழுபது வயதைத் தாண்டிய ஆத்தா.

“குடுத்தாத்தான் ஆத்தா கொடி விழுகும். உடுங்க.”

கன்று காம்பைச் சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. பாலை இறக்குவதும் கருப்பையைச் சுருக்குவதும் அதே ஆக்சிடோசின்தான். கன்றுக்கோ, பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். நேரம் போகப் போக அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்குக் குறைந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றே விடும். கொடி விழட்டும் என்று கன்றைக் காயப்போடுகிற வழக்கம் தாய்க்கும் கேடு, கன்றுக்கும் கேடு. எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

மாட்டின் காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. கால்சியம் குறைவு என்று தெரிந்ததும், நெஞ்சுத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினேன். தொங்கிய கொடியை, பிறப்புறுப்பின் வாய்க்குப் பக்கத்தில் நெருக்கி ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே கத்தரித்துவிட்டேன். சாணத்தில் புரளாமல் இருக்க அது போதும். கையுறையைக் கழற்றியதும் எல்லோர் முகமும் மாறியது.

“அவ்வளவுதானுங்களா? உள்ளார இருக்கறத எடுக்காமப் போறீங்களே?”

இந்தக் கேள்வி என் காதில் விழாத ஊர் கிடையாது. கையை விட்டு எடுத்தால்தான் வைத்தியம் என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. எடுக்காமல் போகும் மருத்துவருக்கு வேலை தெரியவில்லை என்று பேர் வரும். அந்தப் பேருக்குப் பயந்து எடுத்துவிடுகிற மருத்துவர்களும் உண்டு. நான் எடுப்பதில்லை. அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன காரணத்தையே இங்கேயும் சொல்கிறேன்.

மனிதருக்கு நஞ்சுக்கொடி ஒரே வட்டமாக ஓரிடத்தில் ஒட்டியிருக்கும். மாட்டுக்கு அப்படி இல்லை. கருப்பையின் உள்சுவரில் 70 முதல் 120 வரை சின்னச் சின்னக் கழலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொடியின் ஒரு பகுதி, சட்டையின் அழுத்துப் பொத்தான் மாதிரி, பொருந்திப் பிடித்திருக்கும். கன்று பிறந்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில், மிஞ்சினால் 12 மணி நேரத்தில், இவை தாமாகக் கழன்றுவிட வேண்டும். கழலாதபோது கையை விட்டு இழுத்தால் கழலையின் சதையும் சேர்ந்து பிய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ரணங்களின் வழியாகத்தான் கிருமி உள்ளே இறங்கும். கையோடு போகிற புதுக் கிருமி வேறு. முழுக்கொடியும் வந்துவிட்டது என்று வெளியே காட்டினாலும், உள்ளே பத்துப் பொத்தானாவது அறுந்து தங்கியிருக்கும். விட்டுவிட்டால் ஐந்து முதல் பத்து நாளில் அழுகித் தானே விழுந்துவிடும். நாற்றம் தாங்க முடியாதுதான். ஆனால் மாடு நன்றாகத் தின்று, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறவரை அந்த நாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. அந்த வீட்டு மருமகள் பத்தாவது வரை படித்தவர். அவரிடம் வெப்பமானியைக் கொடுத்து, ஆசனவாயில் வைத்து இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பசுவுக்குச் சாதாரணமாக 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 103-ஐத் தாண்டினால் அன்றைக்கே கூப்பிடுங்கள் என்றேன். நாலாம் நாள் காலையில் போன் வந்தது, 103.8. தீனி பாதியாகக் குறைந்து, பாலும் குறைந்திருந்தது. கருப்பை அழற்சி தொடங்கிவிட்டது. ஊசி மருந்தை முழுக்கெடுவுக்கும் போட்டு முடித்தோம். மருந்துக்குச் சொல்லியிருக்கும் நாள் வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை. கொடி ஏழாம் நாள் விழுந்தது. நாலாம் மாதம் போட்ட ஊசியில் சினை நின்றது.

அந்த மருமகள் தினமும் வெப்பமானி பார்க்காமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. மாடு தீனியை முழுக்க மறுத்துப் படுத்த பிறகுதான் கூப்பிட்டிருப்பார்கள். வெப்பமானி மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள். மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். கன்று போட்ட முதல் பத்து நாள் காலையில் ஒரு தடவை பாருங்கள். இதற்கு மேல் பெரிய யோசனை என்னிடம் கிடையாது.

கொடி விழ உதவுவதற்கு வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தேசிய பால்வள வாரியம் தன் மரபுவழிக் கால்நடை மருத்துவக் குறிப்புகளில் சொல்லியிருப்பது: கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை நறுக்கி, வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கையை விடாதீர்கள் என்று அந்தக் குறிப்பும் சொல்கிறது. முடிச்சுப் போட்டுக் கத்தரிக்கும் முறையும் அதில் இருக்கிறது.

சரி, சில மாடுகளுக்கு மட்டும் ஏன் கொடி விழுவதில்லை? அமெரிக்காவில் அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரில் இருக்கும் தேசியக் கால்நடை நோய் மையத்து ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் காட்டியது. கொடி என்பது கன்றின் உடம்பைச் சேர்ந்த பொருள். கன்று பிறந்ததும் தாயின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் அதை அன்னியம் என்று அறிந்து அந்தப் பிடிப்பைத் தளர்த்தும். கொடி விழாத மாடுகளில் இந்த வெள்ளையணுக்கள் கன்று போடுவதற்கு முன்பே சோர்ந்து கிடந்தன. ஆக, கொடி தங்குவதும் பிறகு கருப்பை சீழ் பிடிப்பதும் ஒரே பலவீனத்தின் இரண்டு விளைவுகள். கொடியை இழுத்து எடுத்துவிட்டால் பலவீனம் போய்விடுமா? அது சினையின் கடைசி வாரங்களிலேயே தொடங்கியது.

கடைசி இரண்டு மாதம் பால் வற்ற விட்டுவிடுகிறோம். பால் தராத மாட்டுக்குத் தவிடு எதற்கு என்று கையைச் சுருக்குகிறவர்கள் அதிகம். நிறையப் போட்டால் வயிற்றில் கன்று பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம் என்று சொல்லியே குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் சோளத்தட்டும் வைக்கோலும் தின்று நிற்கிற மாடு, கன்று போட்ட மறுநாள் முதல் எட்டு, பத்து லிட்டர் கறக்க வேண்டும். சீம்பால் ஒரு லிட்டரில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுகிற கால்சியமோ மொத்தமே மூன்று கிராம்தான். எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டும். முடியாதபோது சில மாடுகள் பால் காய்ச்சலில் விழுந்துவிடும். விழாமல் நிற்கிற மாடுகளுக்கும் உள்ளே குறை இருக்கும். கருப்பைத் தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும், வெள்ளையணு வேலை செய்யவும் கால்சியம் வேண்டும். அத்தாணி மாட்டின் சில்லென்ற காது சொன்னது அதைத்தான். கடைசி மாதத்தில் தாது உப்புக் கலவையும் தினம் ஒன்றரை, இரண்டு கிலோ அடர்தீனியும், கன்று போடச் சாணமில்லாத காய்ந்த இடமும் கொடுத்துப் பாருங்கள். கூப்பிட வேண்டிய அவசரமே பாதி மாடுகளுக்கு வராது.

ஏழு, எட்டு மாதச் சினையில் கன்று வீசிவிட்டு, கொடியும் விழாமல் நின்றால் மட்டும் வேறு கணக்கு. அது புருசெல்லா என்கிற கன்று வீச்சு நோயாக இருக்கலாம். அந்தக் கொடியிலும் வீசின கன்றிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் தொட்டவருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு வருகிற காய்ச்சலும் மூட்டுவலியும் மிஞ்சும். என்னோடு படித்த ஒருவர் அப்படிப் படுத்திருக்கிறார். எங்கள் ஊர்களில் விழுந்த கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும் என்பது பெரியவர்கள் நினைப்பு. நாய் இழுக்காமல் இருக்க அது ஒரு வழிதான், அதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் கன்று வீசின மாட்டின் கொடியை மரத்தில் கட்டவே கூடாது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். ஆயுளில் ஒரு தடவை போட்டால் போதும். தவறவிடாதீர்கள்.

காய்ச்சலும் நாற்றமும் உள்ள நோயை யாரும் விட்டுவிடுவதில்லை. எனக்குக் கவலையெல்லாம் அதற்குப் பிறகு வருகிற சத்தமில்லாத நோயைப் பற்றி. மூன்று வாரம் கடந்தபின் மாடு நன்றாகத் தின்னும், அசைபோடும், பால் முழுசாகக் கறக்கும். உள்ளே கருப்பைச் சுவரில் மட்டும் அழற்சி ஆறாமல் இருக்கும். வீட்டில் இருப்பவர்களே இதைக் கண்டுபிடிக்கலாம். காலையில் மாட்டை எழுப்பியதும், படுத்த இடத்தில் பின்பக்கம் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். படுக்கும்போது வயிறு அழுத்தி, உள்ளே இருப்பது வெளியே வரும். சாணம் அள்ளும் அவசரத்தில் அதையும் சேர்த்து வாரிவிடுகிறோம். பருவத்துக்கு வருகிறபோது வழிகிற வழும்பையும் பாருங்கள். கண்ணாடி போல் தெளிந்து, அறுபடாமல் நூலாகத் தொங்கினால் நல்லது. தயிர்த் திப்பி போல் வெள்ளையாக ஏதாவது மிதந்தால் அந்தப் பருவத்தில் ஊசி போட வேண்டாம். சீழுக்குள் விடுகிற விந்து பிழைக்காது. பிழைத்துக் கரு உண்டானாலும் ஒட்டாது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற வழும்பிலும் சில நேரம் அழற்சி ஒளிந்திருக்கும். அதற்கு ஒயிட்சைடு என்று ஒரு சோதனை உண்டு. பருவ வழும்பைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், நிறம் மாறாவிட்டால் குறையில்லை. மஞ்சளாக மாறினால் அழற்சி. பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு ஸ்பிரிட் விளக்குப் போதும். மூன்று தடவைக்கு மேல் ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு நாலாவது ஊசிக்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பருவத்துக்கே வராத மாடும் உண்டு. கன்று போட்டு ஒரே ஒரு ஊசி போட்டார்கள், பிறகு கத்தவே இல்லை, சினைதான் என்று நம்பி மூன்று மாதம் சந்தோஷமாகத் தீனி போட்டிருப்பார்கள். பரிசோதித்தால் உள்ளே கன்று இருக்காது, சீழ் நிரம்பியிருக்கும். கருப்பை நிறைந்திருப்பதால் உடம்பும் சினை என்றே நினைத்துப் பருவத்தை நிறுத்திவைக்கும். அந்த வீட்டில் அதைச் சொல்வது கடினமான காரியம். இதற்குப் புராஸ்டாகிளாண்டின் ஊசி நல்ல மருந்து. பருவத்தை வரவழைத்துக் கருப்பையைச் சுருக்கிச் சீழை வெளியேற்றும். ஆனால் சினைமாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். கைவைத்துப் பரிசோதிக்காமல் கடையில் வாங்கிப் போடுகிற மருந்து அல்ல அது.

இன்னொரு விஷயம் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்றைக்குப் பருவத்தில் வெளிப்படும் கருமுட்டை இன்றைக்கு உண்டானதல்ல. சூலகத்தில் அதன் வளர்ச்சி தொடங்கி முதிர்வதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. கன்று போட்ட சமயத்தில் காய்ச்சலிலும் பட்டினியிலும் வளரத் தொடங்கிய முட்டை, மூன்றாம் மாதம் ஊசி போடும்போது தரம் குறைந்து வருகிறது என்பது ஜாக் பிரிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்து. நான் பார்த்த மாடுகள் அதற்கு ஒத்துத்தான் போகின்றன.

ஊசி போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கன்று போட்டு 60 நாளுக்கு முன் அவசரப்பட வேண்டாம், 90 நாளைத் தாண்டியும் விட வேண்டாம். காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரிந்தும் நிற்கவில்லை என்றால் கருப்பையைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

உங்கள் வீட்டில் மாடு கன்று போட்டதும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து 28-ஆம் நாளை வட்டமிடுங்கள். மாடு நன்றாகத் தின்றாலும், பால் நிறையக் கறந்தாலும், அன்றைக்கு ஒரு தடவை அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போய்க் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஓட்டிப் போக முடியாத ஊராக இருந்தால் 1962 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலாம் வாரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓரிரு ஊசியில் சரியாகிற நோய் அது. ஏழாம் மாதத்தில் கொண்டுவந்தால் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.